கோலா இல்லையா? இரண்டு கம்பமும் ஒன்றாகத் தெரியும் இடத்தில் நில்லுங்கள்

தோட்டத்துத் திடலில் காற்பந்து ஆடும்போது கோலா இல்லையா என்ற சண்டை வராமலிருக்க, ஒருவரைக் கோல் கோட்டின் நேரே, திடலுக்கு வெளியே நிறுத்துங்கள். கிட்டக் கம்பம் எட்டக் கம்பத்தை மறைக்க வேண்டும். கம்பத்திலிருந்து வலைப் பக்கமாகப் பந்து முழுசாக விலகி, இரண்டுக்கும் நடுவே இடைவெளி தெரிந்தால் கோல்.

காற்பந்து விதிப்படி பந்து முழுவதும் கோட்டைத் தாண்டணும். கம்பமும் கோடும் ஒரே அகலம், 12 சென்டிமீட்டருக்கு மேல் போகாது. கோல்காவலர் எங்கே விழுந்தார் என்பது கணக்கில்லை (பாதிச் சண்டை அதில்தான்!). வலைக்குள் கிடந்தபடி கோட்டின் மேல் பந்தைப் பிடித்தாலும் கோல் இல்லை. அந்தரத்தில் தாண்டிய பந்தைத் தட்டிவிட்டாலும் கோல்தான்.

செருப்பையோ மெல்லிய மூங்கிலையோ கம்பமாக நட்டிருந்தால் இது சரிவராது.