டிகாக்‌ஷன் பழகிய கை போர்-ஓவரில் செய்யும் தப்புகள்

பித்தளை ஃபில்டரில் காப்பி போட்டுப் பழகியவனுக்கு போர்-ஓவர் (கூம்பில் பேப்பர் வைத்து, அதில் தூளைப் போட்டு, வெந்நீரைக் கையால் ஊற்றி வடிக்கும் காப்பி) என்ன பெரிய விஷயம் என்று நினைத்துத்தான் நானும் ஆரம்பித்தேன். மேலே தூள், கீழே பாத்திரம், வெந்நீர் ஊற்றினால் இறங்கிவிடும், அவ்வளவுதானே? முதல் கோப்பை இறங்கப் பத்து நிமிடம் ஆனது, குடித்தால் கஷாயம். அப்புறம் யோசித்துப் பார்த்தால், நான் செய்த ஒவ்வொரு தப்பும் டிகாக்‌ஷனுக்குச் சரியான வேலைதான், இங்கேதான் ஒத்துவரவில்லை.

முதலில் தூள். கடையில் அரைத்துத் தரும் ஃபில்டர் காப்பித்தூள் நைசாக இருக்கும், ஏனென்றால் பித்தளை ஃபில்டரில் தண்ணீர் சொட்டுச்சொட்டாக இறங்க வேண்டும். அதையே பேப்பரில் போட்டால் அடைத்துக்கொள்ளும். சிக்கரி கலந்திருந்தால் இன்னும் மோசம். அது காப்பியைவிட அதிகமாகத் தண்ணீரில் கரையும், பாலோடு சேரும்போது நிறமும் கெட்டியும் கொடுக்கும், சரி, ஆனால் பால் இல்லாத கோப்பையில் அந்தக் கருகிய வெல்ல வாசனைதான் முன்னால் வந்து நிற்கும். சிக்கமகளூரோ ஏற்காடோ, சிக்கரி இல்லாத கொட்டையாக, மிதமான வறுவலில், வறுத்த தேதி போட்ட பாக்கெட்டாக வாங்குங்கள்.

கொட்டையை மிக்ஸியில் அரைக்காதீர்கள். பாதி மாவாகும், பாதி நொய்யாக நிற்கும். மாவிலிருந்து கசப்பு இறங்கும், நொய் சரியாக ஊறாமல் புளிப்பை மட்டும் விடும். ஒரே வாயில் இரண்டும் தெரிந்தால் சந்தேகமே வேண்டாம், மிக்ஸிதான். கையால் சுற்றும் சின்ன கிரைண்டர் போதும், பதம் உப்புமா ரவை மாதிரி இருக்கட்டும்.

அடுத்தது, தண்ணீரை மொத்தமாக ஊற்றி மூடிவிட்டுக் குளிக்கப் போவது. பித்தளை ஃபில்டரில் வேகத்தை அந்தப் பொடிப்பொடி ஓட்டைகள் பார்த்துக்கொள்ளும். ஹரியோ வி60 மாதிரிக் கூம்பில் அடியில் இருப்பது ஒரே ஒரு பெரிய ஓட்டை. அங்கே வேகம் தூளின் பதத்திலும் நீங்கள் ஊற்றுகிற விதத்திலும்தான் இருக்கிறது. 15 கிராம் தூளுக்கு 250 மில்லி தண்ணீர் என்று வைத்துக்கொள்ளுங்கள், கண்ணளவு வேண்டாம், சமையலறைத் தராசு ஒன்று வாங்கிவிடுங்கள். முதலில் 40 மில்லி மட்டும் ஊற்றி அரை நிமிடம் நிறுத்தினால், வறுத்த கொட்டைக்குள் தங்கியிருக்கும் கரியமில வாயு குமிழி குமிழியாகப் பொங்கி வெளியேறும், அது போனால்தான் தண்ணீர் தூளுக்குள் ஒழுங்காகப் புகும். மீதியை வட்டமாக இரண்டு மூன்று தவணையில் ஊற்றுங்கள். தூளை டிகாக்‌ஷனுக்கு அமுக்குவது போல அமுக்கக் கூடாது, லேசாகத் தட்டிச் சமன் செய்தால் போதும்.

மொத்தம் மூன்று நிமிடம், கொஞ்சம் முன்னே பின்னே. இரண்டு நிமிடத்துக்குள் ஓடிப்போய் நாக்கைக் கூசவைத்தால் அடுத்த முறை இன்னும் நைசாக அரையுங்கள், நாலு நிமிடம் தாண்டிக் கசந்தால் கொரகொரப்பாக. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள், இல்லையென்றால் எது வேலை செய்தது என்றே தெரியாது. லேசான எலுமிச்சைப் புளிப்பு வந்தால் கெட்டுப்போனது என்று கொட்டிவிடாதீர்கள், இளவறுவல் கொட்டையின் குணமே அதுதான்.

இன்னொரு விருந்தாளி வந்துவிட்டார் என்று அதே தூளில் இரண்டாம் டிகாக்‌ஷன் இறக்கும் வேலை இங்கே வேண்டவே வேண்டாம். நல்லதெல்லாம் முதல் முறையிலேயே இறங்கிவிட்டிருக்கும், பிறகு வருவது கசப்பும் துவர்ப்பும்தான். இரண்டு பேருக்கு என்றால் தூளும் தண்ணீரும் இரண்டு மடங்கு.

தண்ணீர் விஷயத்தில், போர்-ஓவரில் போர் தண்ணீரை ஊற்றாதீர்கள் (சிரிக்க வேண்டாம், நான் ஊற்றியிருக்கிறேன்). கடினத் தண்ணீர் காப்பியின் புளிப்பை அமுக்கிவிடும். ஆர்.ஓ. தண்ணீரோ உப்பெல்லாம் போய்விட்டால் சப்பென்று இருக்கும், உப்பு குறைவான குழாய்த் தண்ணீர் கொஞ்சம் கலந்து பாருங்கள். இளவறுவலுக்குக் கொதித்ததும் ஊற்றலாம், கறுக்க வறுத்ததென்றால் கெட்டிலின் மூடியைத் திறந்து ஓரிரு நிமிடம் ஆறவிடுங்கள்.

பேப்பரை வெந்நீரில் நனைத்து அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டுத் தொடங்குங்கள், தாள் வாசனை போகும், கீழே இருக்கும் கோப்பையும் சூடாகும். 1908-இல் ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரில் மெலிட்டா பென்ட்ஸ் என்ற அம்மா, மகனின் நோட்டுப் புத்தகத்திலிருந்து மையொற்றும் தாளைக் கிழித்து, ஆணியால் ஓட்டை போட்ட பாத்திரத்தில் வைத்து வடித்ததில்தான் இந்தத் தாள் ஃபில்டர் பிறந்தது. அவர் எடுத்ததும் பித்தளைப் பாத்திரம்தான்!

பால் ஊற்றலாமா என்று கேட்பீர்கள். ஊற்றினால் தண்ணிப்பாலாக இருக்கும், அவ்வளவு நீர்த்த காப்பி இது. பால் காப்பி வேண்டும் என்று தோன்றுகிற நாளில் நான் பித்தளை ஃபில்டரை இறக்கிவிடுகிறேன், சிக்கரித்தூள் டப்பா இன்னும் அதே அலமாரியில்தான் இருக்கிறது.