மீட்டிங் போட்டோவைப் போடும் முன்

2020 நவம்பரில் ஐரோப்பிய ஒன்றியத்தின் பாதுகாப்பு அமைச்சர்கள் மூடிய வீடியோ கூட்டம் ஒன்றில் பேசிக்கொண்டிருந்தார்கள். திடீரென்று திரையில் யாரோ ஒருவர் சிரித்தபடி கையசைத்தார். நெதர்லாந்தைச் சேர்ந்த பத்திரிகையாளர் டேனியல் ஃபெர்லான். "இது குற்றம் என்று தெரியுமா?" என்று தலைமை வகித்த யோசெப் பொரெல் கேட்டதும் மன்னிப்புக் கேட்டு வெளியேறினார். அவர் எந்தக் கணினியையும் ஹேக் செய்யவில்லை. நெதர்லாந்து அமைச்சரின் ட்விட்டர் பக்கத்தில் வந்த படத்தில் கூட்டத்தின் முகவரியும், ஆறு இலக்க பின் நம்பரில் ஐந்தும் தெரிந்தன. மீதி ஒரு இலக்கத்துக்குப் பத்து முறை முயன்றால் முடிந்தது. அதே ஆண்டு மார்ச்சில் அப்போதைய பிரிட்டன் பிரதமர் போரிஸ் ஜான்சனும் தன் அமைச்சரவைக் கூட்டத்தின் ஜூம் எண்ணோடு ஸ்கிரீன்ஷாட் போட்டிருந்தார்.

நாமும் இதைத்தான் செய்கிறோம். "எல்லாரும் கேமராவை ஆன் பண்ணுங்க, ஒரு குரூப் போட்டோ!" அதில் மீட்டிங் எண் இருக்கும், பெயருக்குப் பதில் செல் நம்பரோடு நுழைந்தவர்களும் இருப்பார்கள். கூட்டம் முடிந்த பிறகு, ஓரங்களை வெட்டிவிட்டுப் போடுங்கள். ஜூமில் உங்களுக்கென்று இருக்கும் நிரந்தர எண்ணில் கூட்டம் நடத்தினால், முடிந்த பிறகு போடுவதும் பயன்படாது. அடுத்த வாரமும் அதே எண்தானே! ஒவ்வொரு கூட்டத்துக்கும் புது எண் எடுப்பதுதான் சரி.

நாம் அனுமதிக்கும்வரை வருபவர்களை வெளியே நிறுத்திவைக்கும் வெயிட்டிங் ரூமைச் சிலர் ஆன் செய்திருப்பார்கள், ஆனால் 'ஐபோன்', 'கேலக்ஸி' என்று யார் வந்து நின்றாலும் 'அட்மிட் ஆல்' அமுக்கிவிடுவார்கள். அதற்கு வெயிட்டிங் ரூம் எதற்கு? வரவேண்டியவர்கள் வந்ததும் மீட்டிங்கை லாக் செய்யலாம். பேசுவதையெல்லாம் தானாகக் குறித்துக்கொள்ளும் ஏஐ குறிப்பெடுப்பான் செயலி அழைக்காமலே உட்கார்ந்திருந்தால், யாருடையது என்று கேளுங்கள். பதில் வராவிட்டால் நீக்கிவிடுங்கள்.

அப்புறம், ஸ்கிரீன் ஷேர். இதில் நான் பட்டிருக்கிறேன். இருபது பேர் முன்னால் முழுத் திரையையும் காட்டிக்கொண்டிருந்தேன். வலது மூலையில் வாட்ஸ்அப் வெப் எட்டிப்பார்த்தது: "இஎம்ஐ போயிடுச்சா? அக்கவுண்ட்ல எவ்வளவு இருக்கு?" யாரும் ஒன்றும் சொல்லவில்லை. அதுதான் இன்னும் சங்கடம். அன்றிலிருந்து தேவையான ஒரு விண்டோவை மட்டும்தான் காட்டுகிறேன், நோட்டிஃபிகேஷனையும் நிறுத்திவிட்டு.

போனில் இது சங்கடத்தோடு நிற்பதில்லை. வாட்ஸ்அப்பில் 2023 முதல் வீடியோ காலிலேயே திரையைப் பகிரலாம். பகிரும்போது வந்து விழும் ஓடிபியை எதிர்முனையில் இருப்பவரும் படிக்கலாம். பேங்க், போலீஸ், கஸ்டமர் கேர் என்று யார் சொன்னாலும், முன்பின் தெரியாதவர் திரையைக் காட்டச் சொன்னால் அழைப்பைத் துண்டியுங்கள். ஏற்கெனவே பணம் போயிருந்தால் உடனே சைபர் மோசடி உதவி எண்ணான 1930-க்கு அடியுங்கள்.

கடைசியாக ஒன்று. நீங்கள் ஹோஸ்ட் என்றால் 'லீவ்' மட்டும் அமுக்கிவிட்டுப் போகாதீர்கள். மற்றவர்கள் உள்ளேயே பேசிக்கொண்டிருக்கலாம். 'எண்ட் மீட்டிங் ஃபார் ஆல்' பக்கத்திலேயே இருக்கிறது.