மலைக்காட்டுப் பெரணி புதுசு என்று எப்படி நிரூபிப்பது?

டெல்டாவில் பெரணி என்றால் வயலில் நாலு இலை விரித்துக் கிடக்கும் ஆரைக்கீரை, மிஞ்சிப்போனால் பழைய கிணற்றுச் சுவரில் முளைத்துத் தொங்குவது, அவ்வளவுதான். (ஆரைக்கீரையும் பெரணிதான் என்றால் எங்கள் பாட்டி இன்றைக்கும் நம்பமாட்டார்.) ஆனால் நம் காவிரி பிறக்கிற குடகு மாதிரியான ஈரமான மலைக்காடுகளுக்குப் போய்வரும் பிள்ளைகள் போனை நீட்டி, "இது எந்தப் புத்தகத்திலும் இல்லை, புதுசா?" என்று கேட்கிறார்கள். புதுசாகவே இருக்கலாம், ஆனால் போட்டோவை வைத்துக்கொண்டு அதைச் சொல்ல முடியாது.

முதலில் வனத்துறையிடம் எழுத்தில் அனுமதி வாங்குங்கள். அது இல்லாமல் பறித்தால் செடிக்குப் பெயர் வருவதற்கு முன் உங்கள் பெயரில் வழக்கு வரும்.

பறிக்கும்போது இலையை மட்டும் கிள்ளாதீர்கள். எங்கள் வீட்டுக் கிணற்றுப் பெரணியில் பழகியபோது நான் செய்த தப்பு அதுதான். மண்ணுக்குள் ஓடும் தண்டில் ஒரு துண்டு வேண்டும், அதிலுள்ள செதில்களின் நிறமும் ஓரமும்தான் பல நேரம் இனத்தைக் காட்டிக்கொடுக்கும். இலையின் அடியில் புள்ளி புள்ளியாகவோ கோடாகவோ வித்துப்பைகள் இருக்க வேண்டும், இல்லாத இலையை வைத்து ஒன்றும் செய்ய முடியாது. அந்தப் புள்ளிகளை மூட மெல்லிய தோல் இருக்கிறதா, அல்லது கிணற்றுச் சுவரில் முளைக்கும் டெரிஸ் என்ற பெரணி மாதிரி இலையோரமே மடங்கி மூடுகிறதா என்று பாருங்கள். மொத்தமே பத்துச் செடிதான் நிற்கிறது என்றால் ஒன்றிரண்டு இலையும் விரல்நீளத் தண்டும் போதும். எத்தனை செடி, எவ்வளவு உயரத்தில், பாறையிலா மரத்திலா ஓடைக்கரையிலா, காம்பு பச்சையாக இருக்கும்போது என்ன நிறம், எல்லாவற்றையும் அங்கேயே எழுதிவிடுங்கள், காய்ந்த பிறகு நிறம் போய்விடும். அப்புறம் பழைய செய்தித்தாளில் வைத்து அழுத்தித் தினமும் தாள் மாற்ற வேண்டும். நம்மூர் ஐப்பசி அடைமழையில் ஒருநாள் விட்டாலும் பூஞ்சைதான் மிஞ்சும்.

இனிமேல்தான் நிஜமான வேலை, அதற்கு மலை ஏறவே வேண்டாம். திருச்சி தூய வளனார் கல்லூரியில் 1967இல் பாதிரியார் மாத்யூ தொடங்கிய ராபினட் ஹெர்பேரியம் (காய்ந்த செடி மாதிரிகளைச் சேர்த்து வைக்கும் காப்பகம்) இருக்கிறது, கோவையில் இந்தியத் தாவரவியல் ஆய்வகத்தின் ஹெர்பேரியம் இருக்கிறது, அங்கே போய் அதே பேரினத்தின் காய்ந்த மாதிரிகளை ஒவ்வொன்றாக உங்களுடையதோடு வைத்துப் பாருங்கள். பெட்டோம் என்ற வெள்ளைக்காரர் 1860களிலேயே தென்னிந்தியப் பெரணிகளைப் படம் போட்டு வெளியிட்டுவிட்டார், ஆகையால் நாம் "புதுசு" என்பது பலமுறை நூற்றைம்பது வருஷப் பழசாக இருக்கும். லண்டன் கியூ தோட்டத்தில் உள்ள மூல மாதிரிகளின் (ஒரு இனத்துக்குப் பெயர் வைக்க அடிப்படையான மாதிரிகள்) படங்கள் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன, அதையும் விடாதீர்கள்.

இன்னொரு பொறி கலப்பினம். பெரணிகள் தாராளமாகக் கலக்கும். வித்துகளை நுண்ணோக்கியில் பாருங்கள்: சுருங்கி, ஒன்றுக்கொன்று அளவு மாறிக் கிடந்தால் அது பெரும்பாலும் கலப்பு. ஒரு வித்துப்பையில் வழக்கமாக 64 வித்து, 32 மட்டும் இருந்தால் அது கருவுறாமலே பெருகும் வகையாக இருக்கலாம். நிழலில் வளர்ந்ததும் இளஞ்செடியும் வேறு இனம் போலவே தோன்றும், நாலைந்து செடியாவது ஒப்பிடாமல் உற்சாகப்படாதீர்கள்.

இத்தனையும் தாண்டி நின்றால் எழுதலாம். பக்கம் பக்கமான வர்ணனையை விட, நெருங்கிய இனத்திலிருந்து எதில் மாறுகிறது என்று சொல்லும் நாலு வரிதான் உயிர். "செதில் ஓரம் அதில் மழமழப்பு, இதில் பல் பல்லாக" என்கிற மாதிரி, அளந்து பார்க்கக்கூடியதாக இருக்கட்டும், "அழகான", "சற்றுப் பெரிய" எல்லாம் வேண்டாம். இந்தப் பகுதி லத்தீனிலோ ஆங்கிலத்திலோ இருக்க வேண்டும், 2012 முதல் ஆங்கிலம் போதும் என்று ஆனது பெரிய நிம்மதி. ஒரே ஒரு மாதிரியை ஹோலோடைப் (அந்தப் பெயருக்கு ஆதாரமான மூல மாதிரி) என்று குறித்து அது எந்த ஹெர்பேரியத்தில் இருக்கிறது என்றும் எழுத வேண்டும், இல்லாவிட்டால் பெயர் செல்லாது. பெயரிலும் லத்தீன் இலக்கணம் உண்டு, பேரினப் பெயரின் பாலுக்கு ஏற்ப முடிவு மாறும்: காவிரியை வைத்தால் டெரிஸுக்குக் 'காவேரியென்சிஸ்', அஸ்பிளீனியம் என்ற இன்னொரு பெரணிப் பேரினத்துக்குக் 'காவேரியென்சே'. தன் பெயரையே வைத்துக்கொள்வது இந்த வட்டாரத்தில் மானக்கேடு.

புது இனம் கண்டால் அரசு நியமித்த காப்பகத்துக்குத் தெரிவித்து மாதிரியும் ஒப்படைக்க வேண்டும் என்று 2002ஆம் வருஷத்துப் பல்லுயிர்ச் சட்டம் சொல்கிறது. அரிதா இல்லையா என்பதற்கும் கணக்கு உண்டு: முதிர்ந்த செடி 50க்குக் கீழே என்றால் ஐ.யு.சி.என். (உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம்) அளவுகோலில் அது மிக அபாய நிலை. அப்படிப்பட்டதாக இருந்தால் மலையின் பெயரோடு நிறுத்திக்கொள்ளுங்கள். ஓடையையும் ஜி.பி.எஸ். எண்ணையும் கட்டுரையில் போட்டுவிடாதீர்கள், செடி விற்கிறவர்களும் கட்டுரை படிக்கிறார்கள்.