கர்னல் செட்டிங்கில் பெரிய எண் போடும் முன்

சேலத்தில் சர்வர் வேலைக்குப் புதிதாக வருகிறவர்கள் லினக்ஸ் கர்னல் (சிஸ்டத்தின் மையப் புரோகிராம்) செட்டிங்கில் பெயரைத் தப்பாக அடித்தால் கவலையில்லை, அதை மாற்றும் சிஸ்சிடிஎல் கமாண்ட் உடனே எரர் காட்டிவிடும். சத்தமில்லாமல் உள்ளே போய்விடும் எண்தான் ஆளைக் கவிழ்க்கும்.

ஃபைல்-மேக்ஸில் 2-இன் 64-ஆம் அடுக்கு

மொத்த சிஸ்டமும் ஒரே சமயத்தில் எத்தனை ஃபைல் திறக்கலாம் என்பதற்கான வரம்பு இது. "எதுக்கு வம்பு, இருக்கறதுலயே பெரிய நம்பரைப் போட்டுடலாம்" என்று 18446744073709551616 போடுகிறார்கள். 64 பிட்டில் அடங்கும் கடைசி எண் 615-இல் முடிகிறது. ஒன்று கூடினால் சுழன்று 0 ஆகிவிடும். 2019-க்கு முந்தைய கர்னல்கள் இதை அப்படியே வாங்கிக்கொண்டன. புதியவை 9223372036854775807-க்கு மேல் ஏற்பதில்லை. ஆனால் கமாண்ட் அடிக்கும் பாஷ் ஷெல்லில் $((2**64)) என்று எழுதினால் அந்தக் காவலும் பயன்படாது: பாஷுக்குள்ளேயே கணக்கு சுழன்று, கர்னலுக்கு வந்து சேர்வதே 0. அது செல்லுபடியாகும் எண்.

அதன்பின் ரூட் (முழு அதிகாரமுள்ள அட்மின்) அல்லாத யாரும் புதிதாக ஃபைல் திறக்க முடியாது. ஃபைல்களைப் பட்டியலிடும் சாதாரண எல்எஸ் கமாண்ட் கூட லைப்ரரியைத் திறக்க முடியாமல் விழும். கர்னல் லாகில் 'ஃபைல்-மேக்ஸ் லிமிட் 0 ரீச்டு' என்று நிற்கும். சேலத்தில் உட்கார்ந்து ஏற்காட்டு எஸ்டேட் ஆபீஸ் சர்வரை இப்படி முடக்கினால், 20 கொண்டை ஊசி வளைவும் ஏறிப்போக வேண்டிவரலாம். கான்ஃபிக் ஃபைலிலும் எழுதியிருந்தால் ரீபூட் செய்தாலும் அதே 0 திரும்பி வரும். சோதிக்காமல் முதலிலேயே ஃபைலில் எழுதுவதைத்தான் பொறுக்க முடியவில்லை.

ஒரு ரூட் செஷனைத் திறந்தே வையுங்கள். ரூட்டை இந்த வரம்பு தடுக்காது, அங்கிருந்து பழைய எண்ணைப் போட்டுவிடலாம். முதலில் தற்காலிகமாக மாற்றி, ஃபைல்-என்ஆர் (திறந்த ஃபைல்களின் கணக்கைச் சொல்லும் கர்னல் செட்டிங்) காட்டும் மூன்று எண்களைப் படியுங்கள்: மூன்றாவது, கர்னல் உண்மையில் எடுத்துக்கொண்ட வரம்பு. முதலாவது, இப்போது ஒதுக்கப்பட்டிருப்பது. வேலை உச்சத்தில் இருக்கும்போது அதைப் பார்த்து நாலைந்து மடங்கு வைத்தால் தாராளம். எல்லாம் சரியாக இருந்தால் மட்டும் கான்ஃபிக்கில் எழுதுங்கள்.

ஷேர்டு மெமரி

இது பல புரோகிராம்கள் பகிர்ந்துகொள்ளும் மெமரி. ஒரு துண்டின் வரம்பான எஸ்எச்எம்மேக்ஸ் பைட்டில், மொத்த வரம்பான எஸ்எச்எம்ஆல் பேஜில் (கர்னல் மெமரியைப் பிரிக்கும் அலகு). 8 ஜிபி என்றால் முதலாவதுக்கு 8589934592. 4096 பைட் பேஜில் இரண்டாவதுக்கு 2097152. ஏஆர்எம் சர்வரில் பேஜ் 64 கேபியாகவும் இருக்கலாம், கெட்கான்ஃப் கமாண்டில் பேஜ் அளவைப் பார்த்துவிட்டு வகுங்கள்.

ஆர்மெம்-மேக்ஸ்

நெட்வொர்க்கில் வரும் டேட்டாவைத் தாங்கும் பஃபரின் உச்சவரம்பு இது. 2147483647 வேண்டாம். புரோகிராம் கேட்கும் பஃபரைக் கர்னல் இரட்டிப்பாக்கும். பழைய கர்னலில் அது சுழன்று மைனஸாகி, கடைசியில் மிகச்சிறிய பஃபர்தான் கிடைக்கும்.

சோமேக்ஸ்கான்

ஏற்கப்படக் காத்திருக்கும் கனெக்‌ஷன்களின் வரிசைக்கான வரம்பு இது. பழைய கர்னலில் 16 பிட். 65535-ஐத் தாண்டாதீர்கள்.