குளத்தில் இழுவைத் தூண்டில்: ஆழத்தைக் கணக்கிட்டுக் கட்டும் முறை

திருகோணமலையில் இழுவைத் தூண்டில், அதாவது ஓடும் வள்ளத்தின் பின்னே தூண்டிலை இழுத்து மீன் பிடிப்பது என்றதும் கடல்தான் நினைவுக்கு வரும். இயந்திர வள்ளம், அறக்குளா, சூரை மீன்கள், உள்ளங்கை எரிய ஓடும் தடித்த தங்கூசி (நைலோன் நூல்). அதே கட்டோடு கந்தளாய்க் குளத்தில் இறங்கியவர்கள் வெறுங்கையோடு கரையேறுவதைப் பார்க்கும்போது எனக்கு மனம் பொறுப்பதில்லை. தூண்டில் எத்தனை அடி ஆழத்தில் ஓடுகிறது என்பது தெரிந்திருந்தால் அவர்களுக்கும் மீன் கிடைத்திருக்கும். நன்னீர் இழுவையில் முதலில் பழக வேண்டியது இந்த ஆழக் கணக்கைத்தான்.

எந்த மீனுக்குப் போகிறோம் என்பதிலும் தெளிவு வேண்டும். குளத்து வலைகளில் நிறைய விழும் திலாப்பியா பெரும்பாலும் பாசி, சிறு தாவரங்களைத் தின்பது. இழுவைக்கு அது ஏற்றதல்ல. நாம் தேடுவது இரைமீனைத் துரத்திப் பிடிக்கும் விராலையும் வாளையையும். விரால் நீர்ப்பூண்டுகளின் ஓரத்தில் கிடக்கும். வாளை ஆழமான தடங்களில் திரியும்.

தூண்டில் தடி ஏழடி இருந்தால் போதும். நுனி மெலிந்து வளைய வேண்டும், அடி உறுதியாக இருக்க வேண்டும். 20 இறாத்தல் தாங்கும் பின்னல் நூலை ரீலில் சுற்றுங்கள். அதன் முனையில் ஒரு சுவிவல் (நூல் முறுக்காமல் சுழலும் சிறு இணைப்பு வளையம்), அதிலிருந்து நான்கடி நீளத்துக்கு 40 இறாத்தல் தங்கூசி. விராலின் பல்லையும் நீருக்குள் நிற்கும் பட்ட மரங்களின் உரசலையும் அதுதான் தாங்கும். இரைக்குப் பதிலாகக் கட்டும் போலி மீனின் மூக்கிலேயே சுவிவலை மாட்டுகிறவர்கள் உண்டு. அந்தப் பாரம் மூக்கை அமுக்கி, மீனின் ஆட்டத்தைக் கெடுத்துவிடும். மூக்கில் தங்கூசியை இறுகாத கண்ணி முடிச்சாகவே கட்டுங்கள். இறுக்குமுன் முடிச்சை எச்சிலால் நனையுங்கள். மீன் இழுக்கும்போது நூலை விட்டுக்கொடுக்கும் ரீலின் பிடிமானத்தை நூலின் தாங்குதிறனில் கால்பங்குக்கு வையுங்கள். 20 இறாத்தல் நூலுக்கு 5 இறாத்தல். கொக்கித் தராசில் மாட்டி இழுத்துப் பார்த்தால் தெரிந்துவிடும்.

போலி மீன்களில் எனக்குப் பிடித்தது, தாடையின் கீழ் தகடு வைத்த மிதக்கும் வகை. பின்லாந்து மீனவர் லௌரி ரப்பாலா 1936இல் தக்கையில் செதுக்கி, சாக்லேட் சுற்றிய தாளை ஒட்டி உருவாக்கியது இந்த இனத்தைச் சேர்ந்ததுதான். காயம்பட்டுத் தள்ளாடும் குஞ்சுமீனைத்தான் பெரிய மீன் முதலில் கவ்வும் என்று கண்டு, அந்தத் தள்ளாட்டத்தை அவர் தக்கைக்குள் கொண்டுவந்தார். புதிதாக வாங்கியதை வள்ளத்தின் பக்கத்தில் உங்களை நோக்கி இழுத்துப் பாருங்கள். இடப்பக்கம் சாய்ந்து ஓடினால், நூல் கட்டும் வளையத்தைக் குறட்டால் மயிரிழை வலப்பக்கம் வளையுங்கள். ஒரு தடவைக்கு மேல் அழுத்தாதீர்கள். மறுபடி இழுத்துப் பார்த்துவிட்டே அடுத்த திருத்தம்.

இனி ஆழக் கணக்கு. அமெரிக்கப் பேரேரிகளில் ஈயம் உள்ளோடிய நூலைப் பயன்படுத்துகிறார்கள். அதன் நிறம் பத்து யாருக்கு ஒருமுறை மாறும். பத்து யார் என்பது நம் கணக்கில் ஐந்து பாகம். எனவே கைவிரித்து அளந்து, ஐந்து பாகத்துக்கு ஒருமுறை உங்கள் நூலில் நிறநூலைச் சுற்றிக் கட்டுங்கள். ஈயக்குண்டு விட்டு ஆழம் பார்த்த இடத்தில் மெதுவாகத் தண்டு வலித்தபடி நூலை விட்டுக்கொண்டே போங்கள். எத்தனையாவது குறியில் போலி மீன் தரையில் தட்டுகிறதோ அதைக் குறித்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு போலி மீனுக்கும் இப்படி ஒரு கணக்கு வேண்டும். மெல்லிய நூல் நீரைக் கிழித்து ஆழமாகப் போகும், தடித்தது மேலேயே நிற்கும். நூலை மாற்றினால் பழைய கணக்கு உதவாது.

மரக்குற்றிகள் நிறைந்த இடத்துக்கு மும்முனைச் சுவிவல் கட்டு நல்லது. ஒரு கண்ணில் ரீல் நூல். இன்னொன்றில் ஐந்தடித் தங்கூசியும் மிதக்கும் போலி மீனும். மூன்றாவதில் இரண்டடி மெல்லிய நூலில் ஈயம். ஈயம் தரையைத் தொட்டுத் தொட்டுப் போக, போலி மீன் அதற்குச் சற்று மேலே ஓடும். ஈயத்தின் நூல் மெல்லியதாக இருக்கவேண்டிய காரணம், குற்றியில் சிக்கினால் ஈயம் மட்டும் அறுந்து போகும். ஆனால் இந்தக் கட்டில் வேகம் கூடினால் ஈயம் மேலெழும் என்பதை மறக்காதீர்கள். எஃகுக் கம்பியில் பெரிய குண்டு இறக்கும் பொறியை வாங்கச் சொல்வார்கள். அது குளிர்ந்த ஆழத்தில் கிடக்கும் மீனுக்கானது, நம் குளங்களுக்கு வீண்செலவு.

வேகம் மனிதர் நிதானமாக நடக்கும் அளவு. கண் எப்போதும் தடியின் நுனியில் இருக்கட்டும். போலி மீன் ஒழுங்காக ஓடினால் நுனி சிறுசிறு துடிப்பாக விடாமல் அதிரும். அதிர்வு நின்று நுனி கனமாக வளைந்தால் பூண்டு மாட்டியிருக்கிறது. உடனே இழுத்துச் சுத்தம் செய்யுங்கள். நேர்கோட்டில் வலிக்க வேண்டாம், நெளிந்து நெளிந்து போங்கள். திரும்பும்போது உட்புறத் தூண்டில் வேகம் குறையும், வெளிப்புறத் தூண்டில் விரையும். எந்தப் பக்கம் மீன் அடிக்கிறதோ அது அன்றைய வேகத்தைச் சொல்லிவிடும்.

கச்சான் காற்றுக் காலத்தில் விடியற்காலையே இறங்கி, காற்று பலப்படுமுன் கரையேறுங்கள். நீர் வற்றும் மாதங்களில் வெளியே தெரியும் குற்றிகளையும் பழைய ஆற்றுத் தடத்தையும் வரைந்து வைத்தால் மாரியில் பயன்படும். குளத்து மீனவர் சங்கத்திடம் அனுமதி கேளுங்கள், அவர்கள் வலையிட்ட பக்கம் போகாதீர்கள். முதலை உண்டு, கையை நீரில் அளையவிட வேண்டாம். செந்நிறக் குஞ்சுகள் கூட்டமாக மேலே வந்து மூச்செடுப்பதைக் கண்டால் தாய் தந்தை விரால்கள் அடியில் காவல் நிற்கின்றன. அந்த இடத்தில் தூண்டிலை நீரிலிருந்து ஏற்றிவிடுங்கள். அந்த இணையைப் பிடித்தால் குஞ்சுகள் அத்தனையும் இரையாகிவிடும்.

மீன் அடித்தவுடன் தடியை வெட்டி இழுக்காதீர்கள். இன்னும் நாலு தடவை தண்டு வலித்து நூலை விறைப்பாக வைத்திருங்கள், தூண்டில் முள் தானே ஏறும். சிக்கியது குற்றி என்றால் வள்ளத்தைத் திருப்பி, சிக்கிய இடத்தைத் தாண்டிப் போய் எதிர்த்திசையிலிருந்து இழுங்கள். பெரும்பாலும் வந்துவிடும்.