கையெழுத்தில்லாத படமா? முதலில் கவிழ்த்துப் பாருங்கள்

கொழும்பு வெள்ளவத்தையில் கடலுக்குப் போகும் ஒழுங்கை ஒன்றில் இருபத்தெட்டு ஆண்டுகளாகப் படங்களுக்குச் சட்டம் போடுகிறேன். பரணிலிருந்து இறக்கிய படத்தைப் பழைய சாரத்தில் சுற்றிக்கொண்டு வருகிறவர்கள் எல்லோரும் கேட்பது ஒன்றுதான்: "அண்ணை, கையெழுத்து இல்லை. ஜோர்ஜ் கீற் வரைந்ததாக இருக்குமோ?" கீற் இலங்கையின் பேர்பெற்ற ஓவியர். நான் படத்தைக் கவிழ்த்து மேசையில் வைப்பேன்.

பின்பக்கத்தில் துருவை நம்பாதீர்கள். இங்கே உப்புக்காற்று சில ஆண்டுகளிலேயே புது ஆணியையும் கிழடாக்கிவிடும். பூஞ்சணமும் கறையானும் அப்படியே. தொழிலுக்கு வந்த புதிதில் துருவைப் பார்த்து ஒரு படத்துக்கு நூறு வயது சொன்னேன். கன்வஸை இழுத்துக் கட்டியிருந்த உள்சட்டத்தின் மூலையில் சிலுவைத் தலைத் திருகாணி! அது 1930களில் வந்த சரக்கு. பிறகு யாராவது பழுதுபார்த்தபோது முடுக்கியதாகவும் இருக்கலாம். ஆகவே ஒரே தடயத்தை வைத்து வயது சொல்லக் கூடாது.

கடைச்சீட்டு ஒட்டியிருந்தால் அதிர்ஷ்டம். 'சிலோன்' என்றிருந்தால் பெரும்பாலும் 1972க்கு முந்தியது; மிஞ்சிய சீட்டைப் பிறகும் ஒட்டிய கடைகள் உண்டு. லண்டன் முகவரியில் 'டபிள்யூ' எழுத்தோடு இலக்கமும் இருந்தால் 1917க்கு முன் போகாது.

இனி முன்பக்கம். பூதக்கண்ணாடியில் புள்ளி புள்ளியாகத் தெரிந்தால் அது அச்சு. நம் வீடுகளின் பழைய லட்சுமியும் சரஸ்வதியும் பல வேளை ரவி வர்மா அச்சகத்து வகையைச் சேர்ந்தவை. அந்த அச்சகம் 1894இல் பம்பாயில் தொடங்கியது. சரிகையும் மணியும் தைத்த பிரதி என்றால் எறிந்துவிடாதீர்கள், அதற்கும் ஆள் உண்டு. வண்ணம் அக்ரிலிக் என்று தெரிந்தால் 1950களுக்கு முன்னால் தேடவே வேண்டாம். மூலையில் மங்கலாகக் கையெழுத்துப் போல ஏதாவது தெரிந்தால், அந்த மை வெடிப்புக்குள் இறங்கியிருக்கிறதா என்று பாருங்கள். இறங்கியிருந்தால், படம் வெடித்த பிறகு யாரோ போட்டது.

கள்ள நோட்டுப் பார்க்கும் ஊதா விளக்கை இருட்டறையில் பிடியுங்கள். பழைய வார்னிஷ் பச்சையாய் மினுங்கும். பிற்காலத்தில் பூசிய இடங்கள் கறுப்புத் திட்டாய் நிற்கும். ஈரத்துணி, வெங்காயம், உருளைக்கிழங்கு எதையும் படத்தில் தேய்க்காதீர்கள். தேய்த்துக்கொண்டு வந்தவர்களைக் கடிந்திருக்கிறேன்.

கீற் என்று சொல்லுமுன் கொழும்பு பார்ன்ஸ் பிளேஸில் ஓவியர் ஹரி பீரிஸ் வாழ்ந்த வீட்டுக்குப் போங்கள். இப்போது அது சபுமல் மன்றம். கீற்றும் இருந்த, 1943இல் தொடங்கிய '43 குழு என்ற ஓவியர் அணியின் படங்கள் அங்கே தொங்குகின்றன. அரை மணி நேரம் நின்று பார்த்தால் பாதி ஆசை அடங்கும்.

விலையை, வாங்க நினைப்பவரிடம் கேட்காதீர்கள். கையெழுத்தில்லாத படத்துக்கு வரலாறுதான் விலை: பழைய கடிதம், பற்றுச்சீட்டு, கண்காட்சிச் சீட்டு. அம்மம்மாவின் கல்யாணப் புகைப்படத்தில் பின்சுவரில் அந்தப் படம் தொங்கினால் பிரதி எடுத்து வைத்திருங்கள். வெளிநாட்டுக்கு அனுப்ப எண்ணினால் முதலில் தொல்லியல் திணைக்களத்தில் விசாரியுங்கள். தொல்பொருளானால் அனுமதிப்பத்திரம் வேண்டும்.

சில வேளை படத்தை விடச் சட்டம்தான் விலை போகும். நல்ல தேக்கு என்று நான் சொன்னதும் சிலருக்கு முகம் வாடிவிடும்.