காசிமேட்டு சத்தத்துல ஆயாகிட்ட எப்படி பேசணும்

வீட்ல நல்லா பேசினு இருக்கிற ஆயாவ ஞாயித்துக்கிழமை காலைல காசிமேடு மீன் மார்க்கெட்டுக்கு கூட்டினு போனா அங்க எது சொன்னாலும் "இன்னாடா சொன்ன?"ன்னு கேப்பாங்க, நாம உடனே கத்த ஆரம்பிச்சிடுவோம். தயவுசெஞ்சு கத்தாதீங்க. கத்தும்போது ஆ, ஐ மாதிரி உயிரெழுத்து சத்தம்தான் பெருசாவும், மெய்யெழுத்து அந்தளவுக்கு ஏறாது, வயசானவங்களுக்கு காதுல சரியா விழாம போறதே மெய்யெழுத்துதான். அதான் நீங்க "பாறை"ன்னு மீன் பேர கத்துனா அவங்களுக்கு "வாளை"ன்னு வேற மீன் பேரா விழுது.

காதுக்குள்ள போறது எல்லாம் கலந்த ஒரே அதிர்வுதாங்க. ஏலம் கூவுறது, ஐஸ் ஒடைக்கிறது, மீன்பாடி வண்டி சத்தம், உங்க குரல்னு அத தனித்தனியா பிரிக்கிறது மூளை. ஒரு பக்கமா இருந்து வர்ற சத்தம் ரெண்டு காதுக்கும் ஒரே நேரத்துல போய் சேராது, நேரா பக்கவாட்டுல இருந்து வந்தாக்கூட வித்தியாசம் ஒரு செகண்டுல ஆயிரத்துல ஒரு பங்குக்கும் கம்மிதான், அத வச்சே எந்தப் பக்கம்னு மூளை கண்டுபுடிச்சிடும். ஏலக் கூட்டம் ஆயாவுக்கு முதுகுப்பக்கம் இருக்கணும், நீங்க மூஞ்சிக்கு நேரா, கை எட்டுற தூரத்துல நில்லுங்க. வாய் அசையறத பாத்தாலே மூளைக்கு வேலை கொறையும், மாஸ்க் போட்டிருந்தா எறக்கிட்டு பேசுங்க.

ரெண்டு பேரு ஒரே நேரத்துல பேசவே கூடாது, இத நான் ரொம்ப அழுத்தி சொல்லுவேன். 1953ல காலின் செர்ரின்னு ஒரு விஞ்ஞானி ஒவ்வொரு காதுலயும் வேற வேற பேச்ச போட்டு ஒண்ண மட்டும் திருப்பி சொல்ல சொன்னாரு, இன்னொரு காதுல இங்கிலீஷ் ஜெர்மனா மாறுனதக்கூட பலபேரு கவனிக்கல, ஆனா ஆம்பள குரல் பொம்பள குரலா மாறுனா தெரிஞ்சிது. அவங்களுக்கே அப்டின்னா வயசான ஆயாவ யோசிங்க.

மொதல்ல "ஆயா"ன்னு கூப்ட்டு அவங்க திரும்பினதும் "மீன் வெலை சொல்றேன்"னு விஷயத்த சொல்லிட்டு அப்புறம் வெலைய சொல்லுங்க, எதப் பத்தின்னு தெரிஞ்சிட்டா விட்டுப்போன எழுத்த மூளையே நெரப்பிக்கும். புரியலன்னா அதையே திருப்பி சொல்லாம வேற வார்த்தைல சொல்லுங்க, வெலைன்னா வெரல்ல காட்டுங்க.

வீட்ல அமைதியா இருக்கும்போதும் டிவிய ஏத்தி வச்சாங்கன்னா ஸ்டான்லி மாதிரி கவர்மென்ட் ஆஸ்பத்திரில ஈஎன்டி டாக்டர்கிட்ட காட்டி, காது எவ்ளோ கேக்குதுன்னு பாக்குற ஆடியோகிராம் எடுத்துடுங்க. திடீர்னு ஒரு காது கேக்காம போச்சுன்னா அன்னைக்கே போங்க, நாள் தள்ளாதீங்க.